திருமுக்கூடலுக்கு நானும்

மே 9, சனி

காலை ஏழு மணிக்கே வேர்வை. கத்திரி வெயில். தறிக்குழிக்குள் காலை விட்டால் மட்டும் கொஞ்சம் ஜில்லென்று இருக்கிறது.

சித்தப்பா குடும்பம் வந்தாயிற்று. சென்னையிலிருந்து, புதுக் காரில். சித்தப்பா, சித்தி, திவ்யா, யாழினி. திவ்யாவுக்கு என் வயதுதான், பதினேழு. பிளஸ் டூ முடித்துவிட்டாள். யாழினி மூன்றாம் வகுப்பு. ஒரு வாரம் இருப்பார்களாம்.

"டெய்லி ஒரு இடம் பெரியம்மா. எல்லாம் பக்கத்துலயே. காலைல போய்ட்டு சாயங்காலம் வீடு." திவ்யா. போனில் எல்லா இடத்தையும் பார்த்து வைத்திருக்கிறாள்.

தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். "ரேவதியும் வருவா இல்ல?" சித்தி என்னைப் பார்த்துத்தான் கேட்டார். பதில் அம்மாவிடமிருந்து வந்தது.

"அவளுக்கு வெளிய சுத்துறதெல்லாம் புடிக்காதும்மா. நாலு பேரப் பாத்தாலே சமையல்கட்டுக்குள்ள பூந்துக்குவா."

நான் அந்த நேரம் சமையல்கட்டுக்குள்தான் போய்க்கொண்டிருந்தேன். சொம்பை வைக்க. எல்லாரும் சிரித்தார்கள்.

பிடிக்காது என்று நான் எப்போது சொன்னேன்?

மே 10, ஞாயிறு

அவர்கள் வரதராஜர் கோயிலுக்கு. சின்ன காஞ்சிபுரம், இங்கிருந்து எத்தனை தூரம், நடந்தே போகலாம். காரில் போனார்கள். தங்கப் பல்லியைத் தொட்டார்களாம். கோயில் இட்லி வாங்கி வந்தார்கள். எனக்கு ஒன்று. மிளகு அதிகம்.

எங்களுக்கு ஞாயிறெல்லாம் கிடையாது. அமாவாசைக்குத்தான் தறிக்கு லீவு.

இப்போது போட்டிருப்பது கோர்வைச் சேலை. உடல் அரக்கு, கரை பச்சை. ஊடு இழையை ஓட்ட உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா. அப்பா ஒருவரால் முடியாது. வலது கரை நாடா என்னுடையது. அப்பா "க்கும்" என்று கனைப்பார், நான் தள்ள வேண்டும். பத்தாவதோடு நின்றதிலிருந்து இதுதான். அண்ணன் ஒரகடத்துக்குக் கம்பெனி வேலைக்குப் போனபோது இந்த இடம் காலியானது. நான் உட்கார்ந்தேன். யாரும் உட்காரச் சொல்லவில்லை. எழுந்திருக்கவும் சொல்லவில்லை.

நான் எழுந்தால் தறி நிற்கும். தறி நின்றால் அம்மா எங்கிருந்தாலும் ஒரு குரல்: "ஏன் நின்னுச்சு?" தெருக்கோடிக் குழாயடியில் இருந்தாலும் எப்படியோ காதில் விழுந்துவிடும்.

ராத்திரி திவ்யா போட்டோ காட்டினாள். குளம், கல்சங்கிலி, திவ்யா. கல்சங்கிலி, திவ்யா. திவ்யா. நானும் "நல்லாருக்குது" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

மே 12, செவ்வாய்

கரண்ட் கட், பத்திலிருந்து பன்னிரண்டு. விசிறிக்கொண்டே நெய்ய முடியுமா?

அவர்கள் வேடந்தாங்கலுக்கு. மே மாதம்! பறவையெல்லாம் குஞ்சு பொரித்துக் கிளம்பிப் போயிருக்கும், ஏரியில் தண்ணீரும் இருக்காது. எனக்குத் தெரியும். ஆறாவது படிக்கும்போது டீச்சர் சொன்னது. நேற்று சாப்பிடும்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. சித்தப்பா ஏதோ பேச ஆரம்பித்தார், விட்டுவிட்டேன்.

சாயங்காலம் எல்லாரும் கருத்துப்போய் வந்தார்கள். "ஒரே ஒரு காக்கா இருந்துச்சுக்கா. அதுகூட எங்க சிப்ஸுக்கு வந்தது" என்று யாழினி. சித்தப்பா, "பறவைக்கும் ஸ்கூல் லீவு விட்டுட்டாங்கடா."

சித்தி கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு என்னிடம், "நல்ல வேளை நீ வரல ரேவதி. வெறும் வெயிலு."

அந்த வெறும் வெயிலுக்குக்கூட என்னைக் கூப்பிடவில்லை. எரிச்சல். தர்பூசணி நறுக்கிக் கொடுத்தேன். கத்தி வழுக்கி விரலில் சின்ன வெட்டு. பட்டு இழை மாட்டிக்கொள்ளும், பிளாஸ்திரி போட்டாயிற்று.

மே 13, புதன்

காலையில் பல் தேய்க்கும்போது ஒத்திகை. "அப்பா, நாளைக்கு நானும் அவங்ககூட போறேன்." இவ்வளவுதான். கண்ணாடி முன்னால் நன்றாக வந்தது.

தறியில் உட்கார்ந்தேன். அப்பாவும் நானும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துதான் நாள் முழுக்கப் போகிறது. ஆனாலும் பேச்சு என்று எதுவும் கிடையாது. க்கும், நாடா. க்கும், நாடா. பதினொரு மணிக்கு மனதைத் திடப்படுத்திக்கொண்டு "அப்பா" என்றேன்.

மிதியிலிருந்து காலை எடுத்தார். "என்னாம்மா, இழை அறுந்துச்சா?"

நான் என்ன சொன்னேன்? "ஆமாம்ப்பா."

பைத்தியம்.

"எங்க?" என்று குனிந்தார். உள்ளேயிருந்து அம்மா, "ஏன் நின்னுச்சு?" எங்கே என்று காட்டுவது? எதுவும் அறுந்தால்தானே! அப்பா கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டுவதற்குள் கரை ஓரத்தில் ஒரு இழையை நகத்தால் வெட்டினேன். "இதோ." அப்பா பார்த்தார். நானே முடிச்சுப் போட்டேன். இரண்டு தடவை நழுவியது. "சரி, நடக்கட்டும்" என்றார்.

கேட்க வந்ததைக் கேட்கவில்லை. நல்ல இழையை அறுத்ததுதான் மிச்சம். இதை யாரிடம் சொல்லிச் சிரிப்பது? சிரிப்பும் வரவில்லை.

மே 14, வியாழன்

வெயில் அப்படியே. மொட்டை மாடியில் போட்ட வடகம் ஒரே நாளில் காய்ந்துவிட்டது.

இன்றைக்கு அவர்கள் எங்கும் போகவில்லை, நுங்கு வாங்கித் தின்றுவிட்டுத் தூக்கம். சனிக்கிழமைக்குத் திட்டம் போட்டாயிற்று. திருமுக்கூடல். மூன்று ஆறு சேருகிற இடம், பழைய கோயில். சனிக்கிழமை அமாவாசை. தறி கிடையாது. அம்மாவும் வருகிறாள், அப்பாவும் வருகிறார்!

 இந்தத் தடவை தறியைச் சாக்குச் சொல்ல முடியாது.

அப்புறம் நடந்தது. திவ்யா நேராகவே கேட்டாள்: "ரேவு, நீயும் வாயேன்." ஐந்து நாளில் முதல் தடவை. நான் வாயைத் திறக்கிறேன், அதற்குள் அம்மா: "அவ எங்க வரப்போறா. மாசத்துல ஒரு நாள்தான் லீவு. தூங்கட்டும், பாவம்."

"அப்டியா? சரி."

இதில் யார்மேல் கோபப்படுவது? அம்மா பாவம் என்றுதான் சொன்னாள். திவ்யா கூப்பிடத்தான் செய்தாள். நான் சிரித்தேன். அதுதான் தாங்கவில்லை. உள்ளே எரிகிறது, முகம் அது பாட்டுக்குச் சிரிக்கிறது. இந்த முகத்தை என்ன செய்யலாம்?

போனால் எடுத்துக்கொள்ள: பச்சை சுடிதார். துண்டு. தண்ணீர் பாட்டில். வார் தைத்த செருப்பு (இன்னொன்று மணலில் பிய்ந்துவிடும்).

மே 15, வெள்ளி

பச்சை சுடிதாரைத் துவைத்து, அம்மா புடவைக்கு அடியில் காயப்போட்டேன். அம்மா புடவையை எடுக்கும்போது பார்த்துவிட்டாள்.

"நாளைக்கு எங்கனா போறியா?"

"இல்ல."

எனக்கு நானே எதிரி.

தறியில் அப்பா இரண்டு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தார். கரையில் ஏதோ தப்பு போல என்று நானும் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

யாழினி வந்து தறிப் பக்கத்தில் குந்திக்கொண்டாள். "அக்கா, கார்ல எடம் இல்லியாம். பெரியம்மா வர்றதால நான் நடுவுல ஒக்காரணுமாம். பெரியப்பா அவரோட வண்டில வராராம்." பின்னே எனக்கு? எனக்கு இடம் வேண்டும் என்று யாரும் நினைக்கவே இல்லை. கணக்கு சரியாக இருக்கிறது.

மே 16, சனி. அமாவாசை

நிறைய நடந்தது. வரிசையாக எழுத வேண்டும்.

காலையில் தறி மேல் துணி போர்த்தியாயிற்று. வீடு அமைதி. சத்தம் இல்லாததால் சித்திக்குத் தூக்கம் வரவில்லையாம், ஒரு வாரத்தில் பழகிவிட்டாராம்! படையல்: வாழைக்காய், சாம்பார், வடை, பாயசம். காக்காய் வரவில்லை. மாடியில் நின்று அம்மா கா கா, சித்தி கா கா, யாழினி கா கா. "வேடந்தாங்கல்ல இருந்த காக்காய கூப்ட்டு வந்திருக்கணும்" என்று சித்தப்பா. ஒரு வழியாக வந்து வடையை மட்டும் தூக்கிக்கொண்டு போனது. பிறகுதான் எங்களுக்குச் சாப்பாடு. கிளம்பும்போதே உச்சி வெயில்.

பையை, பாயை, தர்பூசணியை எல்லாம் நான்தான் காரில் கொண்டுபோய் வைத்தேன். "கதவ தாழ் போட்டுக்கோடி" என்று அம்மா. கை ஆட்டினேன். கார் போய்விட்டது.

அப்பா வண்டிச் சாவியை மறந்துபோய்த் திரும்ப உள்ளே வந்தார். ஆணியிலிருந்து எடுத்தார். நான் தறிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். வாசல் வரைக்கும் போய்விட்டார்.

"அப்பா" என்றேன்.

திரும்பினார். போர்த்தியிருந்த தறியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"என்னாம்மா, இழை அறுந்துச்சா?"

எனக்குக் காது வரைக்கும் சூடு. அவருக்குத் தெரியும். புதன்கிழமையே தெரியும்.

"இல்லப்பா. நானும் வரேன்."

"போய் துணி மாத்திக்கினு வா. வெயிலுக்குத் தலைல எதுனா போட்டுக்க."

அவ்வளவுதான். ஒரு வாரமாக மென்று விழுங்கியது, இரண்டு சொல்.

வண்டியில் போகும்போது அப்பா திரும்பாமலே பேசினார். பாதி காற்றில் போய்விட்டது. "தானா அறுந்த இழை நுனில பிசிறு இருக்கும். நீ காட்டுனது வெட்டுன மாதிரி இருந்துச்சு. என்னமோ கேக்க வரியோன்னு நெனச்சேன்."

"அப்ப நீங்க ஏன்ப்பா கேக்கல?"

"கேட்டா இன்னொரு இழைய அறுத்துடுவியோன்னு."

சிரித்தேன். நிஜமாகவே.  வாலாஜாபாத்தில் மோர் வாங்கிக் கொடுத்தார். சீட்டு சுட்டது. பழையசீவரம் தாண்டிப் பாலம்.

போய்ச் சேர்ந்தால், கோயில் நடை சாத்திவிட்டார்கள். நாலு மணிக்குத்தான் திறப்பார்களாம். எல்லாரும் மதில் நிழலில் பாயைப் போட்டு உட்கார்ந்து சலித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தாள்.

"என்னாடி ஆச்சு? தறிக்கு எதுனா ஆயிடுச்சா?"

"அவளும் சுத்திப் பாக்க வந்திருக்கா" என்றார் அப்பா.

"இவளா?"

இவள்தான். திவ்யா மட்டும் "ஏய் ரேவு!" என்று கத்தினாள். அது பிடித்தது. உடனே போனை நீட்டினாள், அது பிடிக்கவில்லை.

சித்தப்பா, "இங்க ஒண்ணும் இல்லடா, கெளம்பலாம். வழில ஐஸ்கிரீம் சாப்டுக்கினு போலாம்." பாயை உதற ஆரம்பித்துவிட்டார்கள். நான் வந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை! அழுகை வந்தது. இரண்டாவது தடவையும் வாயைத் திறந்தேன். "எனக்கு ஆத்துல எறங்கணும்." குரல் கீச்சென்று வந்தது. யாழினி, "எனக்கும்!"

"கால் வெந்துடும்மா" என்று சித்தி.

வெந்தது. செருப்புக்குள் மணல் புகுந்து நெருப்பு. ஓடினோம். பாலாறு, செய்யாறு, வேகவதி, மூன்றும் சேரும் இடம் எது என்று தெரியவில்லை. மணலும் மணலும் சேர்ந்திருந்தது. ஓரமாக ஒரு ஓடை மட்டும், கணுக்கால் அளவு, வெந்நீர் மாதிரி. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். நாணல் நிழலில் உட்கார்ந்து மணலைத் தோண்டினோம். முழங்கை ஆழத்தில் ஈரம். அப்புறம் தண்ணீர் ஊறி வந்தது, கலங்கலாக. பார்த்துக்கொண்டே இருந்தோம், தெளிந்தது. கையை உள்ளே வைத்தேன். அவ்வளவு குளிர்ச்சி. விரல் வெட்டில் சுரீர்.

அப்பா தொண்டையில் தூசி போய் "க்கும்" என்று கனைத்தார். என் வலது கை தானாக நாடா தள்ளப் போனது. அப்பா பார்த்துவிட்டார். யாழினிக்கு எதற்கு இரண்டு பேரும் சிரிக்கிறார்கள் என்று புரியவில்லை.

பத்து நிமிடம் இருக்குமா? மேலேயிருந்து ஹார்ன். விடாமல் ஹார்ன். கொஞ்சம் பொறுக்கக் கூடாதா?

மே 17, ஞாயிறு

புழுக்கம். மழை வரும் மாதிரி இருந்து வரவில்லை.

காலையில் அவர்கள் கிளம்பிவிட்டார்கள். திவ்யா அனுப்பிய போட்டோ அம்மா போனில் இருக்கிறது. நான் கண்ணை மூடியிருக்கிறேன். பிடரி எரிகிறது, தோல் உரியும். செருப்பைத் தட்டினால் இன்னும் மணல். சுடிதார் ஊறுகிறது.

எட்டு மணிக்குத் தறி. க்கும், நாடா.

வாசலில் எதிர்வீட்டு அக்கா அம்மாவிடம், "என்னாக்கா, ரேவதிகூட நேத்து திருமுக்கூடல் போயிருந்தாளாமே?"

அம்மா சொல்கிறாள்: "அவங்கப்பா இழுத்துக்கினு வந்துட்டாரும்மா. அவளுக்கு எங்க இதெல்லாம் புடிக்குது."

கை அப்படியே நின்றுவிட்டது. அப்பா கனைத்தார், நான் தள்ளவில்லை. "எனக்குப் புடிக்கும்" என்றேன். அப்பா இன்னும் மிதித்துக்கொண்டிருந்தார், கட்டைச் சத்தத்தில் என் குரல் வாசலுக்குப் போகவில்லை. அக்கா வேறு ஏதோ பேச ஆரம்பித்துவிட்டார்.

அப்பா மிதியிலிருந்து காலை எடுத்தார். கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்தார். ஒரு சத்தம் இல்லை.

வாசலிலிருந்து அம்மா, "ஏன் நின்னுச்சு?"

சொன்னேன்.