மூன்றாவது ஆமெனுக்கு உயர்ந்த கை

வண்டி நகரும் முன் எல்லாரையும் பெயர் சொல்லிச் சரிபார்க்கும் என் அன்பான காதர் அண்ணனுக்கு,

நேற்று சபையில் சண்டை போட்டேன் அண்ணே. உங்களுக்காகத்தான். கேட்டால் சிரிப்பீர்கள். "ஏத்தா எஸ்தரு, ஒனக்கு வேற வேல இல்லையா" என்பீர்கள். இந்த ஒரு வேலை ஆறு மாதமாகப் பாக்கி கிடந்தது, முடித்துவிட்டேன்.

இதைப் படிப்பவர்களுக்கும் உங்களைத் தெரிய வேண்டும். நீங்கள் உத்தமபாளையத்துக்காரர். ஓடைப்பட்டித் திராட்சையை லாரியில் ஏற்றிக்கொண்டு நாக்பூர் வரை போய்வந்தவர். பிறகு சொந்தமாக ஒரு வேன் வாங்கினீர்கள். தேனியில் எங்கள் சபையின் ஊழியக் குழு சத்தீஸ்கர் பக்கத்துக் காட்டு ஊர்களுக்கு மருந்தும் சுவிசேஷமும் கொண்டுபோகக் கிளம்பியபோது, வடக்கு ரோடும் இந்தியும் தெரிந்த டிரைவர் என்று உங்களைத் தேடி வந்தார்கள். நான் அந்தக் குழுவின் நர்ஸ்.

காலையில் கிளம்பும் முன் நாங்கள் வேனுக்குள் ஜெபிப்போம். நீங்கள் வெளியே நின்று ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பீர்கள். எங்கள் ஜெபம் ஒரு ஆமெனோடு முடியாது என்பதை இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டீர்கள். "மொத ஆமெனுக்கு ஏறக் கூடாது ஆத்தா. மூணாவதுக்குத்தேன் வண்டி நகரும்" என்று என்னைக் கேலி செய்தீர்கள். மூன்றாவது ஆமென் கேட்டதும் ஏறி உட்கார்ந்து, வலது கையைத் தலைக்கு மேல் ஒருமுறை தூக்குவீர்கள். கிளம்பலாம் என்று அர்த்தம்.

நீங்கள் ரோட்டோரம் துண்டை விரித்துத் தொழும்போது நான் டீ போடுவேன். குழுத் தலைவர், நாங்கள் ஐயா என்று கூப்பிடுகிறவர், முதல் இரண்டு நாள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஹைதராபாத் தாண்டியதும் அவரே மற்றவர்களிடம், "சத்தம் போடாதீங்க, காதர் தொழுதுக்கிட்டு இருக்காக" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவரைத்தான் நேற்று எதிர்க்க வேண்டியிருந்தது.

ஆதிலாபாத் ரோட்டில் ஒரு மத்தியானம் ஐயா உங்களிடம் கேட்டது நினைவிருக்கிறதா?

"காதர், ஆண்டவர ஏத்துக்க எப்ப ஒரு முடிவு எடுக்கப் போறீக?"

"முடிவெல்லாம் எடுத்தாச்சுங்கய்யா. இப்ப ரோட்டப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

வேனே சிரித்தது, ஐயாவும் சிரித்தார். தெளிந்த நினைவோடு, உங்கள் வாயாலேயே நீங்கள் சொன்ன பதில் அது. அதற்கு மேல் ஒரு மனிதனிடம் என்ன கேட்க இருக்கிறது?

அந்தக் காட்டிலிருந்து திரும்பிய மூன்றாவது வாரம் மலேரியா உங்கள் மூளைக்கு ஏறியது. பயணத்தில் எல்லாருக்கும் மலேரியாத் தடுப்பு மாத்திரையை எண்ணிக் கொடுத்து முழுங்க வைத்த நான், உங்களிடம் மட்டும் கொடுத்துவிட்டுப் போய்விட்டேன், முழுங்கினீர்களா என்று நின்று பார்க்கவில்லை. அதை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலேயே உங்களைப் படுக்க வைத்திருந்தோம். கடைசி நாள் சாயங்காலம் ரகமத் மதினி மருந்து வாங்கக் கீழே போயிருந்தார்கள். ஐயா வந்து உங்கள் நெற்றியில் கை வைத்து ஜெபித்தார். ஒரு ஆமென், இரண்டாவது, மூன்றாவது. உங்கள் வலது கை மெல்ல எழுந்தது. பிறகு விழுந்தது.

எங்கள் கூட்டங்களில் ஆண்டவரை ஏற்றுக்கொள்கிறவர்கள் கையை உயர்த்துவார்கள். ஐயா நாற்பது வருடமாக அந்தக் கைகளையே பார்த்துப் பழகியவர். "பாத்தியா எஸ்தர்" என்றார் கண்ணீரோடு. நான் அழுதுகொண்டிருந்தேன், பதில் சொல்லவில்லை. அந்த மௌனத்தை அவர் சாட்சியாக எடுத்துக்கொண்டார்.

போன மாதம் குழுவின் ஆண்டு மலர் வந்தது. கடைசிப் பக்கத்தில் உங்கள் படம். மரணப் படுக்கையில் கரம் உயர்த்தி இரட்சிப்படைந்த இஸ்லாமியச் சகோதரர் என்று போட்டிருந்தார்கள். அது யார் பையிலோ உத்தமபாளையம் போய்ச் சேர்ந்தது. மதினி அதை மடித்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறி என்னிடம் வந்தார்கள்.

"ஓம் புருசன் என்னவா செத்தாருன்னு கடவீதியில கேக்குறாக. நீதேன பக்கத்துல இருந்த. நீ சொல்லு."

நடந்ததைச் சொன்னேன். மூன்று ஆமெனையும் சொன்னேன். மதினி மலரை மறுபடியும் மடித்தார்கள்.

"அது கெளம்புறதுக்குத் தூக்குற கையி. வெளியூர் போறப்ப வாசல்ல நின்னு எனக்கும் அப்பிடித்தேன் தூக்குவாக. இத நான் சொன்னா எவனும் கேக்க மாட்டான். நீ போயி அங்கன சொல்லு."

நேற்று ஆராதனை முடிந்ததும் சாட்சி சொல்ல என்னையே கூப்பிட்டார்கள். எல்லார் கையிலும் அந்த ஆண்டு மலர் இருந்தது. மைக்கைப் பிடித்து, அதன் கடைசிப் பக்கம் பொய் என்றேன்.

ஐயா எழுந்தார். "அன்னிக்குக் கண்ணால பாத்தத மட்டும் சொல்லும்மா. கை தூக்குனாரா இல்லையா?"

"தூக்குனாக. பயணத்துல தெனமும் தூக்குனாக. அன்னிக்கும் தூக்குனாக."

"கடைசி நிமிசத்துல மனசு மாறியிருக்கலாம்ல?"

"இருக்கலாம்யா. எனக்குத் தெரியாது. ஒங்களுக்கும் தெரியாது. தெரியாதத எப்பிடி அச்சடிச்சீக?"

மைக்கை அணைத்துவிட்டார்கள். மைக் இல்லாமலும் என் குரல் கேட்கும் என்பது உங்களுக்குத் தெரியுமே. ஆதிலாபாத் ரோட்டில் நீங்கள் சொன்ன பதிலைக் கடைசி பெஞ்சு வரை கேட்கும்படி சொல்லிவிட்டுத்தான் இறங்கினேன். பொய்ச்சாட்சி பாவம் என்று ஞாயிறு பள்ளியில் எனக்குச் சொல்லிக்கொடுத்ததே ஐயாதான். என் விசுவாசத்துக்கு ஒரு குறையும் வரவில்லை அண்ணே. வாய் பேச முடியாதவர் கையைப் பிடித்து எழுதிக்கொண்ட கணக்கு என் ஆண்டவருக்கு எதற்கு?

லோயர் கேம்ப்பில் பாசனத் தண்ணீர் திறந்துவிட்டார்கள், பள்ளத்தாக்கு முழுக்க நாற்றங்கால் பச்சை. உங்கள் வேனை வாங்கியவர் அதில் திராட்சைப் பெட்டி ஏற்றுகிறார். செவ்வாய்க்கிழமை குழு மறுபடியும் வடக்கே போகிறது. பட்டியலில் என் பெயர் இல்லை. மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் சேர்த்துக்கொள்வார்களாம், வெள்ளைத்தாள் கூடக் கொடுத்தனுப்பினார்கள். அந்தத் தாளில்தான் இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்று நகல் எடுத்து, ஒன்றை மதினியிடம் கொடுப்பேன், ஒன்றைப் பத்திரிகைக்கு அனுப்புவேன், ஒன்றை ஐயா கையிலேயே கொடுப்பேன்.

மாத்திரை விஷயத்தில் உங்களைக் கவனிக்காமல் விட்டேன். பெயர் விஷயத்தில் விடமாட்டேன். இனி எந்த ஊரில், எந்த மேடையில் அந்தக் கதையை எடுத்தாலும், அவர்கள் முடிக்கும் முன்பே கூட்டத்தில் ஒரு கை உயரும். அது என் கை.

உங்களோடு பிறக்காத, உங்களை விட்டுக்கொடுக்காத தங்கச்சி,
எஸ்தர்