கழுத்தில் இருந்த கை

சென்ட்ரல் ஜெயில், பெங்களூர்
2-2-1958

என் செல்லத் தங்கை எல்லம்மாவுக்கு அக்கா யசோதா எழுதிக்கொள்வது.

சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். இங்கே போடும் களிக்கு நீ கட்டி தட்டிக் கிண்டும் களியே தேவலாம் என்றால் பார்த்துக்கொள். உன் பெண் கோகிலா எப்படி இருக்கிறாள்? சந்தாபுராவில் உன் மாமியார் உனக்குச் சோறு போடுகிறாளா, சாபம் மட்டும்தானா?

சர்க்கார் எனக்கு வைத்த வக்கீல் சேஷகிரி ஐயா வந்திருந்தார். நம் உயிரை மட்டுமல்ல, அடுத்தவர் உயிரைக் காப்பாற்றவும் சட்டத்தில் உரிமை உண்டாம். கொல்ல வருகிறவனை வேறு வழியில்லாமல் அடித்து அவன் செத்துப்போனால், அது கொலை ஆகாதாம். ஆனால் ஆபத்து இருக்கிற வரைதான் அந்த உரிமை. அவன் கையை எடுத்துவிட்டால் உரிமையும் போய்விடுமாம். உன் வீட்டுக்காரன் முனியப்பன் தலையில் இரண்டு காயம் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். நான் அடித்த இரண்டாவது அடி விழும்போது அவன் கை உன் கழுத்தில் இருந்ததா இல்லையா, அதுதான் கேஸ்.

உன் கழுத்தில் விரல் தடம் இருந்ததே, அதை ஏன் போலீஸ் எழுதவில்லை என்று வக்கீல் கேட்கிறார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உடனே பதில் போடு. ஜெயிலர் படித்துவிட்டுத்தான் கொடுப்பார். படிக்கட்டும்.

உன் அக்கா,
யசோதா


சந்தாபுரா
14-2-1958

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் வந்தது. மைத்துனர் ஆதிகேசவன் பிரித்துப் படித்துவிட்டுக் கொடுத்தார். கோகிலாவுக்குப் பல் ஒன்று விழுந்தது. வீட்டுக்காரர் செத்த அன்றைக்கு நான் அழுவேன் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை.

அன்றைக்கே மர்பி டவுனில் நம் தெருப் பெண்கள் என்னை உட்காரவைத்து, முகம் கழுத்தெல்லாம் மஞ்சளை அப்பிவிட்டார்கள். பூ வைத்தார்கள், கை நிறைய வளையல் போட்டார்கள். சப்-இன்ஸ்பெக்டர் கண்ணில் பட்டது மஞ்சள்தான். கழுத்து வலிக்கிறது என்றேன். "புருஷன் போயிட்டான், தாலி பாரமாத்தான் இருக்கும்" என்றாள் மாமியார். சப்-இன்ஸ்பெக்டர் கேட்டதற்கெல்லாம் ஞாபகம் இல்லை என்று சொன்னேன். பதினாறாம் நாள் வரை வெளி ஆண்கள் முகத்தில் விழிக்கக்கூடாதென்று மூலையில் வைத்திருந்தார்கள். காரியம் முடிந்து தலைக்கு ஊற்றியபோது தடமும் போயிருந்தது.

"எங்கண்ணனப் பத்தி கோர்ட்ல ஒரு வார்த்த பேசுனா, கொழந்தைய தூக்கிக்கினு அப்பிடியே நடந்துடு" என்கிறார் ஆதிகேசவன். எங்கே நடப்பது என்று யோசிக்கிறேன். யோசனை ஓடவில்லை.

எல்லம்மா


சென்ட்ரல் ஜெயில்
3-3-1958

கண்ணே எல்லம்மா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். ஊரே கூடி நல்லது செய்கிறோம் என்று என் சாட்சியை மஞ்சளால் மூடியிருக்கிறார்கள்! யாரைத் திட்டுவது? நானும் எத்தனை பேருக்குப் பூசியிருக்கிறேன்.

இனி உன் வாய்தான் எனக்குச் சாட்சி. அழுதாலும் பிள்ளை அவள்தான் பெற வேண்டும் என்பார்களே, அப்படித்தான். நீ பேசினால் உனக்கு அந்த வீடு போகும், தெரியும். பேசாவிட்டால் என்னைத் தூக்கில் போட்டாலும் போடுவார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது, எல்லம்மா. உன்னை இடுப்பில் வைத்து வளர்த்தவள் என்பதற்காகக் கேட்கவில்லை. கேட்க எனக்கு வேறு ஆள் இல்லை.

வெளியே வந்தால் மர்பி டவுனில் நாம் மூவரும் ஒரே வீட்டில் இருப்போம். அடுப்பு உன்னுடையது. கோகிலாவுக்குத் தலை வாரிவிடுவது என் வேலை.

உன் அக்கா,
யசோதா


சந்தாபுரா
5-8-1958

அக்காவுக்கு,

சம்மன் வந்துவிட்டது. கோர்ட்டுக்கு வந்து சொல்கிறேன்.

எல்லம்மா


மர்பி டவுன்
6-9-1958

எனக்கு உயிர் கொடுத்தவளுக்கு,

விடுதலையாகி ஒரு வாரம் ஆகிறது. இன்னும் நீ வரவில்லை. தீர்ப்பு அன்றைக்கு வாசல் முழுக்கத் தேடினேன். சந்தாபுராவில் உன்னைத் துரத்திவிட்டார்கள் என்றும், குக் டவுனில் மௌரீன் அம்மா வீட்டில் ஆயாவாகச் சேர்ந்திருக்கிறாய் என்றும் பக்கத்து வீட்டு பவுலின் சொல்லித்தான் தெரியும். ஏண்டி, அக்கா வீடு இருக்கும்போது யார் வீட்டுப் பிள்ளைக்கோ பால் ஆற்றிக்கொண்டிருக்கிறாய்?

"தங்கையின் உயிரைக் காக்க வேறு வழி இல்லை" என்று ஜட்ஜ் படித்தார். வீட்டைச் சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை நானே வந்து உங்களை அழைத்துக்கொண்டு போகிறேன்.

உன் அக்கா,
யசோதா


குக் டவுன்
10-9-1958

அக்காவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை வராதே. இதைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

இரண்டு அடி விழும்போதும் அவர் கை என் கழுத்தில்தான் இருந்தது என்று கோர்ட்டில் சொன்னேன். உனக்கு எதிராக வாதாடிய சர்க்கார் வக்கீல் மாற்றி மாற்றிக் கேட்டார். நான் மாற்றவில்லை. என் குரல் யாருடையதோ போல இருந்தது.

முதல் அடியிலேயே அவர் கையை எடுத்துவிட்டார். தலையைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தார். "எல்லா, தண்ணி" என்றார். நான் சொம்பை எடுத்தேன். நீ அம்மிக்குழவியைக் கீழே வைக்கவில்லை. "போதும்க்கா" என்றேன். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். பார்த்துவிட்டுத்தான் அடித்தாய்.

முதல் அடி எனக்காக அடித்தாய். அது இல்லையென்றால் நான் இல்லை, கோகிலாவுக்கு அம்மா இல்லை. அதனால்தான் பொய் சொன்னேன். இரண்டாவது யாருக்காக என்று எனக்குத் தெரியவில்லை. நீ சொன்னாலும் கேட்டுக்கொள்ள என்னால் முடியாது.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபம் வந்தால் தேவலை. வேலை செய்கிறேன், குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறேன், படுக்கிறேன், அவ்வளவுதான். கோகிலா பெரியம்மா எங்கே என்று கேட்கிறாள். கோலாரில் வேலை கிடைத்துப் போய்விட்டாய் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

நீ வந்து கதவைத் தட்டினால் திறந்துவிடுவேன். திறக்காமல் இருக்க எனக்குத் தெம்பு இல்லை. அதனால்தான் வராதே என்று எழுதுகிறேன்.

எல்லம்மா