நூற்றொன்றாம் வயதில் ஒரு தரைத்தள வீடு

அனுப்புநர்:
லிஃப்ட் மெக்கானிக்,
மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லாத கட்டடம்,
பேருந்துப் பணிமனைக்குப் பின்தெரு.

பெறுநர்:
வீட்டுவசதித் திட்ட அதிகாரி அவர்கள்,
நகராட்சி அலுவலகம், இரண்டாம் மாடி.

பொருள்: புதிய வீட்டுவசதித் திட்டத்துக்கு வகுத்துள்ள முப்பத்திரண்டு ஆண்டுக் காலத்தை, மனிதர் உயிரோடு இருக்கும் அளவுக்குக் குறைக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்புக்கும் பொறுமைக்கும் உரிய ஐயா,

1. ஊரார் ஏறி இறங்கும் லிஃப்டுகளைப் பழுது பார்ப்பது என் தொழில். என் மாமியாரை முதுகில் சுமந்து மூன்று மாடி ஏற்றி இறக்குவது என் கூடுதல் பொறுப்பு. அவருக்கு வயது எழுபத்து மூன்று. முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன; வாய் மட்டும் தேயவில்லை. தரைத்தள வீடு கேட்டு எட்டு ஆண்டுகளுக்கு முன் அவர் பெயரில் விண்ணப்பித்தோம்.

2. அப்போது இருந்தது ஐந்தாண்டுத் திட்டம். வரைவு தொடங்கிய நாளிலிருந்தே காலம் எண்ணப்பட்டதால், ஒப்புதல் வந்தபோது மீதம் இருந்தது பத்தே மாதம். அதற்குள் தொண்ணூற்றாறு வீடுகளுக்கான தூண்கள் இடுப்புயரம் எழும்பின. காலம் முடிந்தது, கோப்பை மூடிவிட்டார்கள். அந்தத் தூண்களில் இப்போது துணி காய்கிறது. புதிய வரைபடத்தில் அவ்விடம் 'காலி மனை' எனக் குறிக்கப்பட்டுள்ளது.

3. ஐந்து போதவில்லை என்று கண்ட அலுவலகம், இம்முறை தாராளமாக முப்பத்திரண்டு எடுத்துக்கொண்டுள்ளது. கடந்த மாதக் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு மாமியாரைச் சுமந்து வந்தேன். முதியோருக்கான தரைத்தள வீடுகள் நான்காம் கட்டத்தில், இன்னும் இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்துக் கட்டப்படும் என்று தங்கள் உதவியாளர் திரையில் காட்டினார். "அப்போ எனக்கு நூத்தியோரு வயசுப்பா. சாவியை யார் கையில குடுப்பீங்க?" என்று மாமியார் கேட்டார். "தனி ஆளா பார்க்காதீங்கம்மா, திட்டத்தை மொத்தமா பாருங்க" என்றார் அவர். கூடத்தில் சிலர் சிரித்தார்கள். மாமியாரை மறுபடி முதுகில் ஏற்றிக்கொண்டு வீடு வந்தேன். அவர் கனமாக இருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது அன்று மட்டும்தான்.

4. எழுத்து மூலம் ஆட்சேபம் தந்தோம். ஒரே வாரத்தில் பதில் வந்தது. அந்த வேகத்தைப் பாராட்டுகிறோம். ஆட்சேபம் 'முதல் மறுஆய்வின்போது, அதாவது பதினாறாம் ஆண்டில்' பரிசீலிக்கப்படுமாம்.

5. பதில் வந்த மறுநாள் வேலை முடிந்து வந்தேன். மாமியார் தரைத்தளத்து மின் மீட்டர் அறையில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு படியாக உட்கார்ந்தே இறங்கி வந்து, கட்டட உரிமையாளரிடம் அவரே பேசி வாங்கிய இடம். ஆறடிக்கு எட்டடி. சன்னல் இல்லை, பதினொரு மீட்டர்கள் உண்டு. "மாப்பிள்ளை, உங்க முதுகு என்ன அரசாங்கச் சொத்தா? நான் இங்கயே இருந்துக்கறேன்" என்றார். என் மனைவி மூன்று வேளையும் தட்டோடு இறங்குகிறாள். தங்களிடம் காட்ட வேண்டிய கோபத்தை, நான் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால், என்னிடம் காட்டுகிறாள்.

6. சாலைக்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் நெடுங்காலத் திட்டம் வேண்டும் என்பதை மறுக்கவில்லை. அவற்றுக்கு முப்பத்திரண்டையே வைத்துக்கொள்ளுங்கள். குழாய்க்கு முழங்கால் வலிக்காது. வீடுகளுக்கான காலத்தைப் பதினைந்து ஆண்டாக்கி, ஒப்புதல் நாளிலிருந்து எண்ணவும், மூன்றாண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்யவும், முதியோர் வீடுகளை முதல் கட்டத்துக்குக் கொண்டுவரவும் வேண்டுகிறேன். நின்றுபோன தொண்ணூற்றாறையும் ஒருமுறை நேரில் வந்து பார்க்கவும். துணிகளை எடுத்துவிடச் சொல்கிறோம்.

7. முப்பது நாட்களுக்குள் பதில் தர வேண்டுகிறேன். நாட்கள் என்பதை ஆண்டுகள் என்று படித்துவிட வேண்டாம்.

இப்படிக்கு,
தாங்களும் ஒருநாள் முதியவராவீர்கள் என்று நம்பும்,
(ஒப்பம்)
லிஃப்ட் மெக்கானிக்

(ஒப்பம்)
மாமியார், விண்ணப்பதாரர், தற்போது உயிருடன்

இடம்: மின் மீட்டர் அறை
நாள்: புதிய திட்டத்தின் முதலாம் ஆண்டு, இரண்டாம் மாதம், ஒன்பதாம் நாள்