சுமதி மறைக்கவில்லை

புதன் இரவு

இன்று காலை என் போட்டோ ஸ்டூடியோவில் வேலை செய்யும் சுமதி முகம் வெளுத்து வந்து நின்றாள்.

“அண்ணே, பில்லுன்னு நெனச்சு ஒரு மெயிலத் தொறந்துட்டேன். கம்பியூட்டர்ல படமெல்லாம் ஒண்ணொண்ணா பூட்டிக்கிட்டு வருது.”

ஹேவாஹெட்ட ஊரில் நான் எடுத்த கல்யாணப் படங்கள் அதில்தான் இருந்தன. மணப்பெண்ணின் அப்பா போன வாரம் தவறிவிட்டார். அவரோடு எடுத்த கடைசிப் படங்கள் அவை. எனக்குக் கோபம் வாய்வரை வந்தது.

எங்கள் கணினிகளைப் பராமரிக்கும் ரிஸானாவுக்கு உடனே போன் செய்தேன். “நெட் வயரக் கழட்டுங்க அண்ணன், வேற ஒண்டும் தொட வாணாம்” என்றாள். கண்டியிலிருந்து பஸ் ஏறி கட்டுகஸ்தோட்டையில் இருக்கும் எங்கள் ஸ்டூடியோவுக்கு வந்தவள், தன் அலுவலகத்தில் தினமும் சேமித்துவரும் எங்கள் படங்களின் பிரதியைக் கையோடு கொண்டுவந்திருந்தாள்; அதிலிருந்து எல்லாப் படங்களையும் மாலைக்குள் மீட்டுத் தந்தாள்.

போகும்போது சுமதியின் தோளைத் தொட்டு, “நீங்க மறைக்காமச் சொன்னதாலதான் மத்த மெஷினெல்லாம் தப்பிச்சது” என்றாள். சுமதி அப்போதுதான் அழுதாள். நல்லவேளை, காலையில் நான் வாயைத் திறக்கவில்லை.

இப்படி இரண்டு பேர் எனக்கு வாய்த்தது கொடுப்பினைதான். அந்த மெயில் எனக்கு வந்திருந்தால் நானும் திறந்திருப்பேன். உடனே போய்ச் சொல்லியிருப்பேனா என்றுதான் தெரியவில்லை.