முதல் வழக்கைத் தாண்டவில்லை

மார்ச் 4

பால், மாத்திரை, மின்கட்டணம் எல்லாம் கணக்கில் ஏற்றியாயிற்று. இனி இது.

சாயங்காலம் அந்த வக்கீல் வீடியோ விளையாட்டை அலமாரியிலிருந்து எடுத்துத் துடைத்து டிவியில் மாட்டினேன். உங்கள் வீட்டுக்காரருக்குப் பழகின வேலை ஏதாவது கொடுங்கள், ஞாபகத்துக்கு நல்லது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஐந்து பாகத்தையும் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து முடித்தவர்கள்தானே. அச்சகத்தில் ஆயுசு முழுக்கப் பிழை திருத்திய மனுஷர். சாட்சியின் பொய்யை அவர்போல் யாரால் பிடிக்க முடியும்? பிடித்ததும் மேஜையில் ஒரு தட்டு, "ஆட்சேபணை!" ஒருமுறை கீழ்வீட்டுக்காரர் என்னமோ ஏதோ என்று கையில் கரண்டியோடு ஓடி வந்துவிட்டார். எனக்கு இங்கிலீஷ் வந்ததே இதில்தான், அகராதியை மடியில் வைத்துக்கொண்டு.

முதல் பாகத்தின் முதல் வழக்கு வெறும் பாடம். புது வக்கீல் ஒருவன், பக்கத்தில் அவனுடைய சீனியர் அம்மா. சாட்சியை எப்படிக் குடைவது, ஆதாரத்தை எப்போது நீட்டுவது என்று அவர் சொல்லிக்கொடுப்பார். 'அரைமணி நேரம் மழையில் நின்றேன்' என்பான் சாட்சி. போட்டோவில் அவன் குடை காய்ந்து கிடக்கும். அவ்வளவுதான்.

குடைப் பொய்யை இவர் பிடித்துவிட்டார். மேஜையைத் தட்டினார். ஆண்டவா, வயிற்றில் பால் வார்த்தாய். நாளை இரண்டாவது வழக்கு.

மார்ச் 5

"இது என்ன படம்?" என்றார்.

மார்ச் 7

மறுபடி முதல் வழக்குதான். பாதியில் என்னைப் பார்த்து, "இதை முன்னாடி ஆடியிருக்கேனா?" என்றார்.

"நேத்தும் ஆடினோமே. அதுக்கு முந்தின நாளும்."

முகம் செத்துப்போயிற்று. "நேத்தா? நானா?" கன்ட்ரோலரைக் கீழே வைத்தவர் அப்புறம் தொடவில்லை. சாப்பிடவும் இல்லை.

உள்ளதைச் சொன்னால் இப்படி ஆகிறது. இல்லாததைச் சொல்லலாம் என்றால், ஆண்டவன் பேர் சொல்கிற வாய் இது. சொன்னாலும் நிற்குமா? பொய் சொல்லும்போது என் கை தானாகக் காதுத்தோட்டுக்குப் போய்விடும். கல்யாணமான புதிதிலேயே கண்டுபிடித்துவிட்டார். "ஏய், தோடு" என்பார். அவ்வளவுதான், சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் ஒப்பித்துவிடுவேன்.

மார்ச் 15

மகள் போன் செய்தாள். "பேசாம ரெண்டாவது வழக்கை நேரா போட்டுடேம்மா. யாரு கேக்கப் போறா?"

"பாடமே படிக்காதவரைப் பரீட்சைல உக்கார வைக்கச் சொல்றியா?"

"அப்பா திரும்பத் திரும்ப ஒண்ணாம் கிளாஸ்லயே இருக்காரும்மா. உனக்கு முடியலைன்னா சொல்லு. நான் சொன்னேனே, அந்த முதியோர் இல்லத்துல அப்பாவுக்கு இடம் இருக்காம்."

போனை வைத்துவிட்டேன். அவளுக்குக் காட்டுகிறேன். ஒரே ஒரு ராத்திரி, முந்தின நாள் அவர் தலையில் தங்கினால் போதும். இரண்டாவது வழக்கைத் தொட்டுவிட்டார் என்றால் எவள் வந்து சொன்னாலும் எங்கேயும் அனுப்பமாட்டேன். பிரார்த்தனையிலும் இதையேதான் கேட்கிறேன். ரொம்பவா கேட்கிறேன்?

மார்ச் 22

ஆரம்பத்தில் நீதிபதி புது வக்கீலைச் சோதிப்பார். கூண்டில் நிற்பவர் யார்? செத்தவர் யார்? எதனால்? "இதெல்லாம் ஒரு கேள்வியா, போய்யா" என்று அந்தக் காலத்தில் நீதிபதியையே திட்டுவார் இவர். இன்று எல்லாம் தப்பு. சீனியர் அம்மா சொல்வதை நான்தான் தமிழில் படித்துச் சொன்னேன்: 'பதறாதே. முதல் தடவை எல்லாருக்கும் இப்படித்தான்.'

முதல் தடவையாம்.

ஏப்ரல் 2

என்னை "மேடம்" என்றார். அந்த சீனியர் என்றே நினைத்துவிட்டார் போல. திருத்தவில்லை. சாட்சி பேசிக்கொண்டிருக்கும்போது என் பக்கம் சாய்ந்து, ரகசியமாக:

"கொஞ்சம் பொறுங்க மேடம். என் வீட்டுக்காரி வந்துடட்டும். தானா இங்கிலீஷ் படிச்சவ. கெட்டிக்காரி."

"அப்படிங்களா. எங்க போயிருக்காங்க?"

"கடைக்கு. பில்லை ரெண்டு தரம் சரிபாக்காம கிளம்பமாட்டா."

சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இத்தனை வருஷத்தில் என் முகத்துக்கு நேரே ஒரு தடவை கெட்டிக்காரி என்று சொல்லியிருப்பாரா? சொல்வதற்கு யாரோ ஒருத்தி வேண்டியிருந்திருக்கிறது.

ஏப்ரல் 3

பால், மாத்திரை. இன்று கணக்கு மட்டும்.

ஏப்ரல் 9

டிவியைப் போட்டதுமே கேட்டார். "இது நான் முன்னாடி ஆடினதா?" அதே பயந்த கண்.

"இல்லங்க. இன்னைக்குத்தான் வாங்கிட்டு வந்தேன். புத்தம் புதுசு."

சொல்லிவிட்டேன். கை தோட்டில் இருந்தது. எடுக்கவில்லை— தெரியட்டும் என்று வேண்டுமென்றே திருகினேன். மேஜையைத் தட்டுவார். ஏய் என்பார். சொல்லுங்களேன். கண்ணுக்கு முன்னால் பொய் சொல்கிறேனே, பிடியுங்களேன்.

பார்த்தார். நேராக என் கையைத்தான் பார்த்தார்.

"தோடு நல்லாருக்கு மேடம். ஆரம்பிக்கலாமா?"

அந்தக் குடைக்காரன் பொய்யை மட்டும் இன்றும் பிடித்தார்.

ஏப்ரல் 16

விளையாட்டு முடிந்ததும் என் கைப்பையையும் செருப்பையும் எடுத்து வந்து வாசலில் வைத்தார். "இருட்டறதுக்குள்ள கிளம்புங்க மேடம். வீட்டுக்காரி இல்லாத வீடு, நாலு பேரு தப்பா பேசுவாங்க." கோபமே இல்லை. அவ்வளவு மரியாதையாகக் கதவைச் சாத்தினார்.

மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். மகள் வந்துதான் கதவைத் திறக்க வைத்தாள். அவளையாவது அடையாளம் தெரிந்தது.

ஏப்ரல் 17

அந்த இல்லத்தில் அறைக்குள் டிவி வைக்க விடுவார்களா என்று மகளைக் கேட்கச் சொன்னேன். வெளியிலிருந்து சாயங்காலம் ஒரு மேடம் தினமும் வந்துபோகலாமா என்றும்.