கடைசிப் படகில் தண்ணீர் லாரி

மார்ச் 4. டவுன்ஸ்வில் துறைமுகம்.
இன்று கப்பலின் வயிற்றை நிரப்பினேன். நாற்பத்தொரு லாரி, நாலு தரையிறங்கு படகு, ஐந்நூறு சிப்பாய்கள். இத்தனையும் விழுங்கி ஏப்பம் விடாமல் நிற்கும் வயிறு ஈரேழு உலகத்திலும் இது ஒன்றுதான். அதற்குச் சக்கரவர்த்தி, அதாவது சரக்கு ஏற்றி இறக்கும் அதிகாரி, அடியேன் மெர்வ். புயல் அடித்த தீவுக்கு உதவி கொண்டு போகிறோம்.

முதலில் இறங்க வேண்டியதைக் கடைசியில் ஏற்ற வேண்டும். இதுதான் எங்கள் வேதம். உப்புநீரைக் குடிநீராக்கும் இயந்திரம் சுமக்கும் லாரிதான் முதலில் இறங்க வேண்டியது. அதை ஓட்டுபவள் தாம்சின், என் தங்கை மகள். முதல் படகு மணல்திட்டைத் தடவிக்கொண்டே போகும், கவிழவும் கூடும். கடைசிப் படகுக்கு வழி தெரிந்திருக்கும். ஆகவே, ஏற்றும் பட்டியல் கையெழுத்தான பிறகு, கடைசியில் இறங்கும்படி அவள் லாரியை எல்லாவற்றுக்கும் முன்னால் ஏற்றி மூலைக்குத் தள்ளிவிட்டேன். ஏன் என்று கேட்டவனிடம், “எடை சமநிலை” என்றேன். தொப்பையைத் தடவிக்கொண்டே சொன்னால் எதையும் நம்புவார்கள்.

மார்ச் 6. நடுக்கடல்.
தாம்சின் வந்து நின்றாள்.
“மாமா, என் வண்டிய எதுக்கு மூலையில போட்டீங்க?”
“வாசல்ல வெச்சா கப்பல் குப்புற விழுந்துரும். அவ்வளவு கனம்.”
“கதை விடாதீங்க. அம்மா சொன்னாங்களா?”
இல்லை. தங்கை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பயந்தது நான்தான்.

மார்ச் 7.
கடல் தட்டு மாதிரி அசையாமல் இருக்கிறது. அது வேறு பயமாக இருக்கிறது.

மார்ச் 8. தீவுக்கு வெளியே.
ராத்திரி உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் பின்கதவைத் திறந்து, கப்பலின் பின்பாதியை வேண்டுமென்றே அமிழ்த்தி, கடலை உள்ளே விட்டோம். மூன்று படகுகள் கூடாரம், தகரம், சிப்பாய்களோடு வாத்து மாதிரி மிதந்து போயின. மத்தியானம் அலை எழும்பியது. உள்ளே அடைபட்ட தண்ணீர் சுவருக்குச் சுவர் மோதியது. கரையிலிருந்து வானொலியில் செய்தி: கிணறெல்லாம் உப்பு, ஏழு குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு, தண்ணீர் இயந்திரம் எங்கே?

கடைசிப் படகை ஓட்டும் ஹெமி கத்தினான். “யோவ் பெரிசு, குடிக்கிற தண்ணிய அடிவயித்துல வெச்சுக்கிட்டு கூடாரத்த அனுப்பியிருக்க. கூடாரத்தயா குடிப்பாங்க?”

படகு புறப்பட வேண்டாம் என்று சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டு நின்றேன். பச்சை போட்டால் அவள் போவாள். போடாவிட்டால் அந்த ஏழு பேர்? இருபது நிமிடம் அப்படியே நின்றேன். நான் செய்தது என்ன, அய்யோ, என்ன பண்ணித் தொலைச்சேன்?

படகுக்குள் சங்கிலி கட்டிய லாரியில் தாம்சின், வழக்கப்படி பெல்ட்டை அவிழ்த்து, கண்ணாடியை இறக்கி உட்கார்ந்திருந்தாள். லாரி கவிழ்ந்தால் நீந்தி வெளியேற. “மாமா, என்னைப் பாக்காதீங்க. கடலைப் பாருங்க. ரெண்டு அலைக்கு நடுவுல பச்சையப் போடுங்க.”

போட்டேன். வாசலில் படகு இடித்தது. ஒரு சங்கிலி அறுந்து லாரி சரிந்தது. ஜன்னலில் வைத்திருந்த அவள் வலது கை படகுச் சுவருக்கும் லாரிக் கதவுக்கும் நடுவில் நசுங்கியது. சத்தம் எனக்குக் கேட்டது. படகு நிற்கவில்லை.

ஒரு கையால் ஓட்டி மணலில் இறக்கினாளாம். சாயங்காலம் கரையில் குடிதண்ணீர் வந்துவிட்டது. கை எலும்பு இரண்டு இடத்தில் முறிவு.

மார்ச் 9.
கேப்டனம்மாவிடம் போனேன். யாரும் கூப்பிடவில்லை.
“எடை சமநிலைன்னு சொன்னீங்களாமே மெர்வ்?”
“பொய் மேடம். பயந்துட்டேன்.”
பேனாவை எடுத்தார். பதவி போயிற்று.

மார்ச் 15.
தாம்சினுக்குச் சூப் கொண்டு போனேன். குடித்தாள். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜூலை 22. வேறொரு தீவு.
இப்போது நான் படகில் லாரிகளைக் கட்டிய சங்கிலியைக் கழற்றும் ஆள். முதல் படகு, முதல் லாரி, தாம்சின். அலை இடுப்புயரம். அவள் லாரியின் மூன்று சங்கிலியைக் கழற்றிவிட்டு நான்காவதைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
“மாமா, அது என் வண்டியோடது.”
“தெரியும்மா.”
கழற்றினேன்.