ஆ என்று தொடங்கும் இரண்டு மூட்டைகள்

செப்டம்பர் 3

இருபத்தெட்டாம் நாள் எடை. நூற்று முப்பத்தைந்து கோழிகள், ஒன்பது அறைகள், மூன்று தீவனங்கள். ஒன்றில் பாமாயில், ஒன்றில் ஆளிவிதை எண்ணெய், ஒன்றில் ஆட்டுக்கொழுப்பு. மற்றதெல்லாம் ஒன்றே. எந்தக் கொழுப்பில் எவ்வளவு வளர்கிறது, தின்ற கொழுப்பு சதையில் எவ்வளவு போய்ச் சேர்கிறது? என் மூன்று வருடமும் இந்தக் கேள்விக்குள்தான் கிடக்கிறது.

கொட்டகை அண்ணன் ஐந்து நாள் விடுப்பு முடிந்து வந்தார். அவர் இல்லாதபோது தீவனம் போட்டது நான், மூக்கடைத்த சளியோடு. தீவனப் பெட்டியைத் திறந்தவர் ஒரு கை அள்ளி மோந்தார்.

“என்னம்மா, ஆளிப் பெட்டியில ஆட்டு வாசம் அடிக்குது?”

“லீவுல நல்லா சாப்பிட்டீங்களோ? வாசம் உங்க கையில இருக்கும்ணே.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

செப்டம்பர் 10

ஆட்டுக்கொழுப்புக் கூட்டம் திடீரென்று எடை பிடிக்கிறது. கெட்டிக் கொழுப்பு குஞ்சு வயிற்றுக்குச் செரிக்காது. வளர்ந்தபின் செரிக்கிறது போலும். அப்படியே குறித்துவைத்தேன். அழகான விளக்கம்.

செப்டம்பர் 17

நாற்பத்திரண்டாம் நாள். அறுத்தோம். தொடைச் சதை சிறு பொட்டலங்களாக உறைபெட்டியில். இன்று வேறெதுவும் எழுத வரவில்லை.

அக்டோபர் 6

தொடையிலிருந்து பிரித்த கொழுப்பைக் கருவியில் ஏற்றினோம். தாளில் ஒவ்வொரு கொழுப்பு அமிலமும் ஒரு முகடாக எழும்.

லினோலெனிக் அமிலம். ஆளியில் நிறைய உண்டு, ஆட்டுக்கொழுப்பில் இல்லை என்றே சொல்லலாம். கோழி உடம்பு அதைத் தானாகச் செய்துகொள்ளாது, தின்றால்தான் வரும். ஆளிக் கூட்டத்தில் நூற்றுக்குப் பதினைந்தாவது இருக்க வேண்டும். ஒன்பது. ஆட்டுக்கொழுப்புக் கூட்டத்தில் ஒன்று இருந்தாலே அதிகம். எட்டு.

எட்டு!

மறுபடி ஏற்றினேன். எட்டுதான். இல்லாதது எங்கிருந்து வந்தது? யாரோ தீவனத்தை மாற்றிப் போட்டிருக்கிறார்கள். யாரோ.

அக்டோபர் 7

பேராசிரியர் தாளை ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை.

“ஆட்டுக்கொழுப்பையே தூக்கிடும்மா. பாமாயிலும் ஆளியும் வச்சு எழுது. நவம்பர் முப்பதுக்குள்ள ஆய்வேட்டைக் குடுத்துடலாம். விட்டா இன்னொரு வருஷம்.” பிறகு, “தீவனம் போடுறது கொட்டகை ஆள்தானே? ஒரு மெமோ அடிச்சிடுறேன். ஏற்கெனவே ஒண்ணு வாங்கினவன். இத்தோட வீட்டுக்குப் போகட்டும்.”

தலையாட்டினேன். ஆமாம். ஆட்டினேன்.

அக்டோபர் 8

கொட்டகைக்குப் போனேன். விசாரிக்கத்தான் போனேன், அதிகாரி மாதிரி.

“மூட்டையில அட்டையப் பாத்துதானே பெட்டியில கொட்டுவீங்க?”

“அட்டையா? மோந்து பாத்துதான்மா கொட்டுவேன். அதான் லீவு முடிஞ்சு வந்த அன்னிக்கே சொன்னேனே. என் கை நாறுதுன்னீங்க.”

அறைக்கு வந்து செப்டம்பர் 3-ஐத் திருப்பினேன். என் கையெழுத்து. சிரித்தேன் என்று வேறு எழுதியிருக்கிறேன்.

மறுபடி போய்க் குப்பைக்கூடையைக் கவிழ்த்தேன். காலி மூட்டைகளின் அட்டைகள் கிடைத்தன. எண்ணெய் ஊறி மை கரைந்திருந்தது. ஒன்றில் ‘ஆ’. இன்னொன்றிலும் ‘ஆ’. ஆளிவிதையும் ஆட்டுக்கொழுப்பும் ஒரே எழுத்தில் வாய் திறக்கின்றன. நான் அன்று ஊகித்துக் கொட்டியிருக்கிறேன்; அறுக்கும் நாள் வரை பெட்டிகளில் இருந்தது அதுதான். ஊகித்தேன் என்பதுகூட நினைவில் இல்லை. அவ்வளவு நிச்சயமாக இருந்திருக்கிறேன்.

அக்டோபர் 9

“சார், மூட்டையப் பிரிச்சது நான். மெமோவ எனக்குக் குடுங்க.”

“மாணவிக்கு மெமோ குடுக்க இங்க ஃபாரமே கிடையாது.” கண்ணாடியைக் கழற்றினார். “சரி, நடந்தது நடந்துபோச்சு. ஆளிய வச்சாவது எழுது.”

“ஆளிக் கூட்டமும் பதினெட்டு நாள் ஆட்டுக்கொழுப்பு தின்னிருக்கு சார்.”

“அது யாருக்குத் தெரியும்?”

“தொடைக்குத் தெரியும் சார்.”

திட்டுவார் என்று நினைத்தேன். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். முழுச் சோதனையையும் மறுபடி செய்கிறேன் என்றேன். மெமோவைக் கிழித்து என் கையிலேயே கொடுத்தார்.

அக்டோபர் 12

அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் தலையாட்டியதையும். மன்னிப்புக் கேட்டேன்.

“சரிங்க மேடம்” என்றார்.

மேடம். மூன்று வருடத்தில் முதல்முறை.

அக்டோபர் 20

கொட்டகை கழுவி வீடு திரும்பினேன். அக்கா சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

“கோழி தின்ன எண்ணெய் கோழிக்குள்ளதான் இருக்கும். இதுல கண்டுபிடிக்க என்னடி இருக்கு?”

“எவ்வளவுன்னு.”

“அதுக்கு இன்னொரு வருஷமா?”

“ஆமா.”

என் சட்டைக் கையில் ஒட்டியிருந்த இறகை எடுத்துப் போட்டாள்.

நவம்பர் 2

புதுத் தீவனம். முழுப் பெயர், மூட்டைக்கு ஒரு நிறக் கயிறு, கொட்டும்போது இரண்டு கையெழுத்து. அண்ணன் வாய் திறக்காமல் கையெழுத்துப் போடுகிறார்.

நவம்பர் 9

ஒருநாள் குஞ்சுகள் வந்தன. பெட்டிக்குள் மஞ்சள் இரைச்சல். ஒன்று என் கையிலிருந்து நழுவி ஓட, நான் பின்னாலேயே தவழ, சுவரில் தலையை முட்டிக்கொண்டேன்.

“குஞ்சு தப்பிச்சிடுச்சு, சுவரு பாவம்மா” என்றார் அண்ணன்.

மேடம் போயிற்று. நெற்றி வலித்தது. பரவாயில்லை.

நவம்பர் 30

ஆய்வேடு ஒப்படைக்கக் கடைசி நாள். அலுவலக கிளார்க் மூன்றரைக்கு போன் செய்தார். நல்ல மனிதர்.

“அஞ்சு மணிக்கு மூடிடுவோம்மா. வர்றீங்களா இல்லையா?”

“இல்ல சார். இன்னிக்கு இருபத்தோராம் நாள் எடை.”

“யாருக்கு?”

“கோழிக்கு.”

“சரி, பாத்துப் போடுங்க.”

ஆட்டுக்கொழுப்புக் கூட்டம் இந்தமுறை பின்தங்கியிருக்கிறது. இதுவரை எடை போட்டதில் சராசரி ஐம்பது கிராம் குறைவு. விளக்கம் எதுவும் எழுதவில்லை. சதை வரட்டும்.

ஐந்து மணிக்கு ஏழாம் அறையில் இருந்தோம். அண்ணன் தராசைப் பார்த்து எழுநூற்றுப் பன்னிரண்டு என்றார். எழுதினேன். அடுத்ததைப் பிடித்தேன்.